ஊரின் மறைபொருளும் ஊராரின் பிணையும்: என்கேதி ஜெப ஆலயத் தரையெழுத்து குறித்து ஒரு மறுவாசிப்பு

சாக்கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது என்கேதி என்னும் பாலைச்சோலை. அங்கிருந்த பழைய ஜெப ஆலயத்தின் தரையில், சிறு கற்களைப் பதித்து எழுதிய 18 வரிகள் 1970ஆம் ஆண்டு அகழாய்வில் வெளிப்பட்டன. அவற்றில் அரமேய மொழியிலுள்ள பகுதி நான்கு வகைக் குற்றவாளிகளைச் சபிக்கிறது. நான்காவது குற்றம், ஊரின் மறைபொருளைப் புறவினத்தாருக்கு வெளிப்படுத்துவது. மூலத்தில் இத்தொடர் 'ராஸா தெகர்தா' என்று உள்ளது. ராஸா என்றால் மறைபொருள், கர்தா என்றால் ஊர். அந்த மறைபொருள் எது என்று எழுத்து சொல்லவில்லை.

சவுல் லீபர்மன் ஒரு விடை சொன்னார். எபிரேய ஆய்விதழான 'தர்பிஸ்' தன் 40ஆம் தொகுதியில் இத்தரையெழுத்தை வெளியிட்டது. பெஞ்சமின் மசார் எழுதிய அறிமுகத்தை அடுத்து, அதே தொகுதியில் லீபர்மனின் குறிப்பும் வந்தது. என்கேதியின் புகழுக்குக் காரணமான பல்சாம் செடியின் நறும்பிசின் தொழில்தான் அந்த மறைபொருள் என்றார் அவர். செடியை வளர்க்கும் முறையும் தைலம் எடுக்கும் நுணுக்கமும் வெளியாருக்குப் போய்விடக் கூடாது என்று ஊரார் சாபமிட்டுக் காத்தார்கள் என்பது அவர் கருத்து. சொன்னவர், மிஷ்னாவின் துணைத்தொகுப்பான தொசெப்தாவுக்குப் பேருரை எழுதிய பேரறிஞர். விளக்கம் எளியது, சுவையானது. அதனால் அது பரவியது. இன்று அந்த ஊரைப் பற்றிப் பொதுவாசகருக்கு எழுதுவோர் பலர் இதை ஊகம் என்று குறிப்பிடாமல், எழுத்திலேயே உள்ள செய்தி போலச் சொல்லிச் செல்கின்றனர்.

லீபர்மன் தம் குறிப்பை முதற்கட்டக் குறிப்பு என்றுதான் தலைப்பிட்டார். அதை முடிந்த முடிபாக்கியது பின்வந்தவர்களின் பிழை. ஆயினும் அவருடைய வாசிப்பே இத்தரையெழுத்தை வணிக வரலாற்றின் பக்கம் திருப்பிவிட்டது. அது இருக்கவேண்டிய இடம் வேறு என்பது என் வாதம். ஆபத்து நெருங்கும்போது ஊரில் ஒருவர் செய்யும் குற்றத்துக்கு மற்றவர்கள் எந்த அளவு பொறுப்பு என்ற கேள்வி யூத மரபில் நெடுங்காலம் வளர்ந்தது. இத்தரையெழுத்து அவ்வளர்ச்சியின் சான்று. நூலில் அன்றி ஓர் ஊரின் தரையில் கிடைத்த சான்று என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

லீபர்மனின் பக்கம்

மறுக்குமுன் அவர் வாசிப்பின் வலிமையை முழுமையாகச் சொல்லியாக வேண்டும். நறும்பிசினுக்கும் என்கேதிக்கும் உள்ள தொடர்பு கற்பனை அன்று. எரேமியா நூலின் இறுதி அதிகாரத்தில், பாபிலோனியர் நாட்டில் விட்டுவைத்த திராட்சைத் தோட்டக்காரர் பற்றி ஒரு வசனம் உண்டு. என்கேதி முதல் ராமதா வரை நறும்பிசின் சேகரித்தவர்களே அவர்கள் என்று பாபிலோனியத் தால்மூதின் ஷபாத் பகுதி விளக்குகிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய யூசேபியு, என்கேதியை யூதர் வாழும் மிகப் பெரிய ஊர் என்றும் பல்சாம் விளையும் இடம் என்றும் குறிக்கிறார். ஆகத் தரையெழுத்தின் காலத்துக்குச் சற்று முன்புவரை அத்தொழில் அங்கே உயிரோடு இருந்தது.

இன்னொரு வலிமையும் உண்டு. இரண்டாவது குற்றம், தன் அயலானைப் பற்றிப் புறவினத்தாரிடம் கோள் சொல்வது. காட்டிக்கொடுத்தல் அங்கேயே அடங்கிவிட்டது என்றால், நான்காவது குற்றம் வேறு ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்று தோன்றும். தொழில் மறைபொருள் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. லீபர்மன் வாசிப்பை ஏற்போருக்கு இதுவே தலையான ஆதாரம் என்பேன்.

தொழில் நுணுக்கத்தை மறைத்துவைத்த யூதக் குடும்பங்களும் மரபில் உண்டு. காணிக்கை அப்பம் சுடும் முறையைக் கர்மு குடும்பமும், தூபக் கலவையை அவ்தினாஸ் குடும்பமும் பிறருக்குக் கற்றுத்தர மறுத்ததாக மிஷ்னாவின் யோமா பகுதி கூறி, அவர்களை இகழ்ச்சியோடு நினைவுகூர்கிறது. தால்மூது அவர்களுக்குப் பேச ஓர் இடம் தருகிறது. கோயில் அழியப்போகிறது என்று தங்கள் முன்னோர் அறிந்திருந்தார்கள், தகாதவன் கற்றுக்கொண்டு அந்நிய வழிபாட்டுக்குப் பயன்படுத்திவிடக் கூடாது என்றே மறைத்தோம் என்கிறார்கள் அவர்கள். வரப்போகும் பேரழிவை முன்னறிந்து மறைத்தல் என்னும் இக்கருத்து லீபர்மனுக்குச் சாதகம் போலத் தெரியும். ஆனால் உற்று நோக்கினால் இது அவருக்கு எதிரானது. இந்த மறைபொருள்களுக்கு உரிமையாளர் குடும்பங்கள். மிஷ்னா அவற்றைப் பொதுநலனாகக் கருதவில்லை, பொதுநலனுக்கு இடையூறாகவே கருதியது. என்கேதி எழுத்தோ மறைபொருளுக்கு உரிமையாளராக ஊரைச் சொல்கிறது. தொழிலைச் சொல்லவில்லை, தொழில் செய்த குடும்பத்தையும் சொல்லவில்லை.

நான்கு குற்றங்களின் அமைப்பு

தரையெழுத்தின் முற்பகுதி எபிரேய மொழியில் உள்ளது. ஆதாம் முதல் யாப்பேத்து வரை முன்னோர் பெயர்கள் முதலில் வருகின்றன. அடுத்து 12 ராசிகளின் பெயர்களும் 12 மாதங்களின் பெயர்களும் வருகின்றன. அக்காலத்து வேறு சில ஜெப ஆலயங்களில் ராசிகளை உருவமாகவே தீட்டியிருக்க, இங்கே வெறும் பெயர்கள்தாம். பிறகு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. அதன்பின் அக்கினிச் சூளையில் போடப்பட்ட அனனியா, மீஷாவேல், அசரியா. இஸ்ரவேலுக்குச் சமாதானம் என்ற வாழ்த்தோடு இப்பகுதி முடிகிறது. இந்த மூவரின் பெயர் இங்கே ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த அரமேயப் பகுதி, ஹில்ஃபி என்பவரின் மக்களை நன்றியோடு நினைவுகூர்ந்துவிட்டு, நேரே சாபத்துக்குப் போகிறது. குற்றங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவனுக்கும் அவன் அயலானுக்கும் இடையே பிளவை உண்டாக்குவது. தன் அயலானைப் பற்றிப் புறவினத்தாரிடம் கோள் சொல்வது. தன் அயலானின் பொருளைத் திருடுவது. ஊரின் மறைபொருளைப் புறவினத்தாருக்கு வெளிப்படுத்துவது.

அயலான் என்று நான் எழுதும் இடத்தில் மூலத்தில் உள்ள சொல் 'ஹவ்ரே'. முதல் மூன்று குற்றங்களிலும் அச்சொல் வருகிறது. நான்காவதில் அது இல்லை. அது நின்ற இடத்தில் 'கர்தா' நிற்கிறது. 'அமமயா', அதாவது புறவினத்தார் என்ற சொல் இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டுமே வருகிறது. உள்ளே நடக்கும் குற்றம், வெளியே கொண்டுபோகும் குற்றம், மறுபடி உள்ளே நடப்பது, மறுபடி வெளியே கொண்டுபோவது என்று அடுக்கு மாறிமாறி வருகிறது. நான்காவது குற்றம் இரண்டாவதின் விரிவு. அங்கே காட்டிக்கொடுக்கப்படுபவன் ஒருவன், இங்கே காட்டிக்கொடுக்கப்படுவது ஊர் முழுவதும். இப்படிப் பார்த்தால், கூறியது கூறலைத் தவிர்க்கத் தொழில் மறைபொருளைக் கொண்டுவர வேண்டிய தேவையே எழவில்லை. லீபர்மன் வாசிப்பின் முதன்மைத் தூண் இங்கே ஆட்டம் காண்கிறது.

சாபத்தின் சொற்கள் எங்கிருந்து வந்தன

குற்றங்களைச் சுற்றி இவ்வளவு விவாதம் நடந்திருக்க, சாபத்தின் சொல்லமைப்புக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் குறை. கல்வெட்டியலார் ஓம்படைக்கிளவி என்று சொல்லிக் கடந்துபோகும் பகுதி அது. இங்கே கடந்துபோகக் கூடாது.

பூமியெங்கும் சுற்றிப் பார்க்கும் கண்களை உடையவர், மறைவானவற்றைக் காண்பவர், அந்த மனிதனுக்கும் அவன் வித்துக்கும் எதிராகத் தம் முகத்தைத் திருப்புவார், வானத்தின் கீழிருந்து அவனை வேரோடு பிடுங்குவார் என்கிறது சாபம். மக்கள் எல்லாரும் ஆமென் சொல்கிறார்கள். சுற்றிப் பார்க்கும் கண்கள் சகரியா 4:10இலிருந்து வந்தவை. இது வெளிப்படை. நான் நின்று பார்க்க விரும்புவது அடுத்த தொடரை. ஒரு மனிதனுக்கு எதிராகக் கடவுள் தம் முகத்தைத் திருப்புதல் என்ற வழக்கு லேவியராகமம் 20:3இல், ஏறத்தாழ இதே சொல்லமைப்பில் உள்ளது. தன் வித்தில் ஒன்றை மோளேகுக்குக் கொடுப்பவனைப் பற்றிய கட்டளை அது. அதை அடுத்த இரண்டு வசனங்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். நாட்டு மக்கள் அவனைக் காணாததுபோல் கண்ணை மூடிக்கொண்டால், கடவுள் அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் எதிராகத் தம் முகத்தைத் திருப்புவார். குற்றவாளியைப் பற்றித் தொடங்கும் பகுதி, கண்டும் காணாமல் இருந்த ஊராரிடம் வந்து நிற்கிறது.

சாபத்தை எழுதியவர் இத்தொடரை எடுத்தபோது அடுத்த வசனம் அவர் நினைவில் இருந்ததா? நிறுவ முடியாது. வேதத்தை மனப்பாடமாகக் கேட்டு வளர்ந்தவர்களிடம் ஒரு தொடர் தன் சூழலையும் கூட்டிக்கொண்டு வரும் என்ற பொது நிலையை மட்டுமே சொல்லலாம். ஆனால் தால்மூதில் இவ்வசனங்கள் எங்கே விவாதிக்கப்படுகின்றன என்று தேடிப் போனால் கிடைப்பது வியப்பளிக்கிறது. ஷெவுவோத் 39ஆம் ஏட்டின் முதற்பக்கத்தில் ரப்பி ஷிமோன் கேட்கிறார்: அவன் பாவம் செய்தான் சரி, அவன் குடும்பம் என்ன செய்தது? வரிதண்டுவோன் ஒருவன் இருக்கும் குடும்பத்தில் எல்லாரும் வரிதண்டுவோரே, கொள்ளைக்காரன் ஒருவன் இருக்கும் குடும்பத்தில் எல்லாரும் கொள்ளைக்காரரே, ஏனெனில் அவர்கள் அவனை மூடி மறைக்கிறார்கள் என்பது விடை. இஸ்ரவேலர் அனைவரும் ஒருவருக்கொருவர் பிணை என்ற புகழ்பெற்ற கோட்பாடும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

தரையெழுத்து குடும்பம் என்று சொல்லாமல் வித்து என்று சொல்வதை எனக்கு எதிராகக் காட்டலாம். வித்து என்பது சாபங்களில் பொதுவாக வரும் சொல் என்பதும் உண்மை. ஆயினும் லேவியராகமத்தின் அதே வசனத்தில் அச்சொல்லும் உள்ளது.

ஒரு வேற்றுமை உருபு

பிணைக் கோட்பாட்டின் வரலாறு நன்கு அறியப்பட்டது, விரித்துரைக்கத் தேவையில்லை. ஒரு பாடபேதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அச்சிட்ட தால்மூதில் கோட்பாடு 'ஸெ பஸெ' என்று முடிகிறது. மக்கள் வழக்கில் இன்று பெரிதும் கேட்பது 'ஸெ லஸெ'. எபிரேயத்தில் 'லெ' என்னும் முன்னொட்டு ஏறக்குறைய நம் நான்காம் வேற்றுமை. 'பெ' ஏழாம் வேற்றுமைக்கு நெருக்கம். ஒருவருக்கு ஒருவர் பிணை என்பது ஒன்று, ஒருவரில் ஒருவர் பிணைந்தவர் என்பது மற்றொன்று.

இக்கோட்பாடு லேவியராகமம் 26:37க்கு எழுந்த விளக்கம். பகைவர் துரத்தாமலே ஓடும் மக்கள் ஒருவன்மேல் ஒருவன் இடறி விழுவார்கள் என்கிறது வசனம். ஒருவன் மற்றவனின் பாவத்தால் இடறுவான் என்று லேவியராகம விளக்கநூலான சிஃப்ராவும் தால்மூதும் அதற்குப் பொருள் சொல்கின்றன. வசனத்தில் சகோதரன் என்ற சொல்லுக்கு முன் நிற்பது 'பெ'. விளக்கம் அந்த உருபையே எதிரொலித்திருக்க வேண்டும் என்பதால் 'ஸெ பஸெ' மூத்த பாடம் என்று கருதுகிறேன். இது உறவின் இனிமை பேசும் வாக்கியமாகப் பிறக்கவில்லை. தோற்று ஓடும் கூட்டத்தில் ஒருவன் காலில் ஒருவன் தடுக்கி விழும் காட்சியிலிருந்து பிறந்தது. அழிவு நெருங்கிய வேளையின் மொழி அது. 'ஸெ லஸெ' பரவியபோது அந்த அச்சம் தேய்ந்து, ஒருவரை ஒருவர் தாங்குதல் என்ற மென்மையான பொருள் மேலோங்கியது. எப்போது தேய்ந்தது என்று நூற்றாண்டைக் குறிக்க என்னால் இயலாது.

தால்மூது கோட்பாட்டுக்கு உடனே ஒரு வரம்பும் கட்டுகிறது. தடுக்கும் ஆற்றல் இருந்தும் தடுக்காதவர்களுக்கே இந்தப் பிணை. ஷபாத் 54ஆம் ஏடு இதையே படிப்படியாக விரிக்கிறது. வீட்டாரைக் கண்டிக்க முடிந்தும் கண்டிக்காதவன் வீட்டாரின் பாவத்தில் பிடிபடுவான். ஊராரைக் கண்டிக்க முடிந்தவன் ஊராரின் பாவத்தில், உலகையே கண்டிக்க முடிந்தவன் உலகின் பாவத்தில். அடுத்த ஏட்டில் எசேக்கியேல் 9ஆம் அதிகாரத்துக்கு ஒரு விளக்கம் வருகிறது. என் மனத்தைவிட்டு அகலாத பகுதி அது. எருசலேம் அழியும் நாளில் நீதிமான்களைத் தப்பவிடக் கூடாது என்று நீதியே கடவுளிடம் வழக்காடுகிறது: அவர்கள் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும் என்கிறார் கடவுள். உமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியுமா என்று நீதி திருப்பிக் கேட்கிறது. நீதியே வெல்கிறது. சொன்னால் பயனில்லை என்ற எண்ணம் பேசாமல் இருந்ததற்குச் சாக்காகாது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. தடுக்க முடிந்ததற்கே பொறுப்பு என்றால், மறைவில் நடக்கும் குற்றத்துக்கு யார் பொறுப்பு? காட்டிக்கொடுப்பவன் சந்தையில் நின்று செய்யமாட்டான். மறைவானவை கடவுளுக்கு உரியவை, வெளிப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று பொருள்படும் உபாகமம் 29:29இல் சில எழுத்துகளின்மேல் புள்ளிகள் இடப்பட்டுள்ளன. சன்ஹெத்ரின் 43ஆம் ஏட்டில் அப்புள்ளிகளை வைத்து இரு அறிஞர் மோதுகின்றனர். யோர்தானைக் கடந்தபின் மறைவான குற்றங்களுக்கும் மக்கள் அனைவரும் தண்டிக்கப்பட்டனர் என்கிறார் ரப்பி யெகூதா. மறைவானவற்றுக்கு ஒருபோதும் இல்லை என்கிறார் ரப்பி நெகேமியா. அப்படியானால் யோசுவா நூலில் ஆகான் ஒருவன் திருடியதற்கு எல்லாரும் ஏன் அடிபட்டார்கள்? அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது என்பது விடை.

என்கேதி எழுத்து இந்தச் சிக்கலுக்கு ஓர் ஊர் கண்ட தீர்வு என்றே வாசிக்கிறேன். கடவுளை மறைவானவற்றைக் காண்பவர் என்று அது அழைக்கிறது. ஊராரால் காணமுடியாத குற்றத்தைக் காண்பவரிடம் ஒப்படைக்கிறது. அதே வேளையில், கண்டிக்கவேண்டிய கடமையை எல்லாரும் கூடி முன்கூட்டியே நிறைவேற்றிவிடுகிறது. நாங்கள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, ஆமென் சொல்லியிருக்கிறோம் என்பதற்கு அத்தரையே சாட்சி.

ஆமென் என்பது வெறும் முடிப்புச் சொல் அன்று. எல்லா மக்களும் ஆமென் சொல்லும் சாபவரிசை உபாகமம் 27இல், கெரிசீம், ஏபால் மலைகளின் நிகழ்ச்சியில் உள்ளது. மறைவில் தன் அயலானை வெட்டுபவன் அங்கேயும் சபிக்கப்படுகிறான். தால்மூதின் சோத்தா 37ஆம் ஏடு அந்த நிகழ்ச்சியை விவரித்து, ஒவ்வொரு கட்டளைக்கும் 48 உடன்படிக்கைகள் உண்டு என்று கணக்கிடுகிறது. பிறகு 6,03,550 என்ற மக்கள்தொகையால் அதைப் பெருக்குகிறது. இரு அறிஞரின் கணக்கு வேறுபடுவது ஏன் என்ற கேள்விக்கு, ஒருவர் பிணையை மட்டும் எண்ணுகிறார், மற்றவர் பிணைக்குப் பிணையையும் எண்ணுகிறார் என்று ரவ் மெஷர்ஷெயா விடை தருகிறார். சாபத்துக்கு ஆமென் சொல்வதும் ஒருவர் மற்றவருக்குப் பிணையாவதும் ஒரே செயல் என்பதை மரபு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. லீபர்மன் வாசிப்பில் இந்த ஆமெனுக்கு வேலையே இல்லை.

இந்த ஊர் கண்டவை

என்கேதிக்கு ஆபத்து புதிதன்று. ரோமருக்கு எதிரான முதற்போரின்போது, பஸ்கா இரவில் மசாதாக் கோட்டையிலிருந்து இறங்கிவந்த சிகாரியர் என்னும் கிளர்ச்சிக் குழுவினர் ஊரைக் கொள்ளையிட்டு, பெண்களும் குழந்தைகளுமாக 700க்கு மேற்பட்டோரைக் கொன்றதாக யோசேப்பசு எழுதுகிறார். கொன்றவர்களும் யூதர்கள்.

அடுத்த பேரழிவுக்கு ஊரின் பெயர் தாங்கிய சான்று உண்டு. பர் கோக்பா 132 முதல் 135 வரை நடத்திய எழுச்சியின் கடிதங்களை யிகாயேல் யாதின் 1960இல் நகல் ஹெவெர் குகையில் கண்டெடுத்தார். அவற்றுள் ஒன்று என்கேதி ஆட்களுக்கும், மசபலா, யெகோனாதான் என்ற இரு பொறுப்பாளருக்கும் எழுதப்பட்டது. நீங்கள் வசதியாக உட்கார்ந்து, இஸ்ரவேல் வீட்டாரின் உடைமையிலிருந்து உண்டும் குடித்தும் இருக்கிறீர்கள், உங்கள் சகோதரரைப் பற்றிக் கவலையே இல்லை என்று பர் கோக்பா கடிந்துகொள்கிறார்.

தால்மூதின் தாஅனித் 11ஆம் ஏட்டைப் படித்தவருக்கு இக்கடிதம் பழகிய குரலாகக் கேட்கும். மக்கள் துன்பத்தில் இருக்கும்போது, வீட்டுக்குப் போய் உண்பேன், குடிப்பேன், என் உயிரே உனக்குச் சமாதானம் என்று ஒருவன் சொல்லக் கூடாது என்பது அங்குள்ள போதனை. கடிதத்திலிருந்து போதனை வந்தது என்று நான் சொல்லவில்லை. உண்பதையும் குடிப்பதையும் பொறுப்பின்மையின் அடையாளமாகப் பேசும் வழக்கு, போதனை ஏட்டில் ஏறுமுன் போர்முனையில் புழங்கியது என்பதற்குக் கடிதம் சான்று. தனக்கு மட்டும் சமாதானம் என்று உள்ளத்தில் சொல்லிக்கொள்பவனை உபாகமம் 29:19 முன்பே பழித்திருக்கிறது. அவன் பெயர் வானத்தின் கீழ் இல்லாமல் அழிக்கப்படும் என்கிறது அடுத்த வசனம். தரையெழுத்தின் சாபமும் வானத்தின் கீழிருந்து பிடுங்குவதோடுதான் முடிகிறது.

அப்படியானால் மறைபொருள் எது? சான்று மெலிந்த இடம் இதுதான். ஆனாலும் விலகிச்செல்ல மாட்டேன். ஒளிந்திருந்த ஒருவரைக் காப்பது ஊரின் மறைபொருளாக இருந்திருக்கலாம். கூட்டமாகப் போகும் யூதரைப் புறவினத்தார் மறித்து, ஒருவரைக் கொடுங்கள், இல்லையேல் எல்லாரையும் கொல்வோம் என்றால், எல்லாரும் சாகட்டும், ஒருவரைக் கொடுக்கக் கூடாது என்கிறது தொசெப்தா. பெயர் சொல்லிக் கேட்டால் கொடுக்கலாம் என்பது அதற்கு விலக்கு. அரசு தேடிய உல்லா பர் கோஷெவ் லோத் ஊரில் ரப்பி யெகோசுவா பென் லேவியிடம் ஒளிந்த கதை எருசலேம் தால்மூதில் உண்டு. படைகள் ஊரைச் சூழ்ந்தன. ரப்பி அவரைச் சமாதானப்படுத்தி ஒப்படைத்தார். சட்டப்படி நடந்தார். அதுமுதல் எலியா அவருக்குத் தோன்றுவதை நிறுத்திவிட்டார். பல நோன்புகளுக்குப் பின் தோன்றியபோது, இது பக்தர்களின் போதனையா என்று கேட்டார். ஒருவனை ஒப்படைத்து ஊரைக் காப்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடத்திலும் மனம் ஒப்புக்கொள்ளவில்லை. இக்கதையைச் சொன்ன சமூகத்தில், ஊர் காத்த ஓர் ஆளே ஊரின் மறைபொருளாக இருப்பது இயல்பு. அனனியா, மீஷாவேல், அசரியா பெயர்கள் தரையில் ஏறியதும் இதனால் பொருள் பெறுகிறது. பேரரசின் கட்டளைக்குப் பணியாமல் நெருப்புக்குப் போனவர்கள் அவர்கள்.

கட்டடமே மறைபொருளாக இருந்திருக்கவும் இடமுண்டு. பேரரசர் இரண்டாம் தெயோடோசியு 438இல் பிறப்பித்த சட்டம் புதிய ஜெப ஆலயங்களைத் தடைசெய்தது. இடியும் நிலையில் உள்ளவற்றைத் தாங்கி நிறுத்த மட்டும் இசைவு தந்தது. மீறிக் கட்டியவரின் கட்டடம் திருச்சபைக்குப் போகும் என்றது. என்கேதித் தரையெழுத்தின் இறுதி வரிகள் ஹில்ஃபியின் மக்கள் செய்த திருப்பணியைப் போற்றுகின்றன. அப்பணி 438க்குப் பின்னதாயின், அதைப் பற்றி வெளியே பேசுவதே காட்டிக்கொடுத்தல்.

'ஆயின்' என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. தரையெழுத்து 5ஆம் நூற்றாண்டா 6ஆம் நூற்றாண்டா என்பது தீரவில்லை. ஊர் எரிந்து அழிந்த காலமும் அப்படியே. அகழாய்வாளர் யுஸ்தினியன் ஆட்சியை, அதாவது 527க்கும் 565க்கும் இடைப்பட்ட காலத்தை முன்வைத்தனர். அதற்கும் பிந்தியது என்போரும் உளர். பல்சாமுக்கும் இதே இடர் உண்டு. யூதேயாவில் அதை அரசுக் கருவூலமே பயிரிடுவதாக முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். 124ஆம் ஆண்டுக் கடன் பத்திரம் ஒன்று என்கேதியைச் சீசரின் ஊர் என்றே குறிக்கிறது. அரசே அறிந்த தொழிலில் ஊருக்கு என்ன மறைபொருள் என்று கேட்க ஆசைதான். ஆனால் பத்திரத்துக்கும் தரையெழுத்துக்கும் இடையே 300 ஆண்டுகளுக்குமேல் இருப்பதால் அவ்வாதத்தை நான் அழுத்தமாட்டேன். திருட்டைப் பற்றிய மூன்றாம் குற்றம் எந்த நெருக்கடியையும் காட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறைபொருள் எதுவென்று தீராவிட்டாலும் சாபத்தின் தன்மை தீர்ந்துவிடுகிறது. அதை இட்டவர் வணிகர் குழு அன்று, ஜெப ஆலயத்தில் கூடிய ஊர். லேவியராகமம் 20, உபாகமம் 27, 29 ஆகியவற்றின் மொழியில் அது பேசுகிறது. அம்மூன்று இடங்களிலும் பேச்சு ஒருவனின் மறைவான குற்றமும் எல்லாரின் பொறுப்பும் பற்றியதே. படகில் தன் இருக்கைக்குக் கீழே மட்டும் துளையிடுபவனின் உவமையை ரப்பி ஷிமோன் பர் யோகாயின் பெயரால் சொல்லும் லேவியராகம ரப்பா இத்தரையெழுத்துக்குக் காலத்தால் நெருங்கிய நூல். அதில் கதையாக இருப்பது இங்கே ஊர்க் கட்டளையாக இருக்கிறது.

இத்தரையெழுத்தை மொழிபெயர்ப்போர் 'ராஸா தெகர்தா'வை ஊரின் மறைபொருள் என்றே விட்டுவிட வேண்டும், பல்சாமை அடிக்குறிப்பில் லீபர்மனின் ஊகமாகத் தரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அதே 1970 அகழாய்வில், ஜெப ஆலயத்தின் பேழை இருந்த இடத்திலிருந்து கரிந்துபோன தோற்சுருள் ஒன்றும் கிடைத்தது. தொட்டால் உதிரும் அதைப் பிரிக்காமலே, கணினியின் துணையால் பிரெண்ட் சீல்ஸ் குழுவினர் படித்து 2016இல் வெளியிட்டனர். கரிமக் கணிப்பு அதை 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டு என்கிறது. எழுத்தின் வடிவமோ அதற்கும் முந்தியது என்று காட்டுகிறது. சுருளில் இருப்பது லேவியராகமம். வெளியிடப்பட்டவை அதன் முதல் இரண்டு அதிகாரங்களின் வரிகள்.